வேட்டை நாய் வேண்டும், சரி. சுவர் எத்தனை அடி?

இந்த முறை கடிதங்கள் பெரும்பாலும் கம்பம், குமுளி, செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து. நிறம், உயரம், விலை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். சுவர் எத்தனை அடி, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கோழி உண்டா என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. அடுத்த தடவை அதை முதலில் எழுதுங்கள்.

குமுளியில் மாடி வீடு. ஆறு வயதுப் பையன் பீகிள் நாய் கேட்கிறான், வாங்கலாமா?

பையன் கேட்பது இருக்கட்டும், காலையும் மாலையும் அரை மணி நேரம் அதை நடத்திக்கொண்டு போவது யார்? பிள்ளைகளோடு நன்றாக ஒட்டும், பத்துப் பன்னிரண்டு கிலோதான் வரும். ஆனால் மூக்கை நம்பிப் பிறந்த சாதி, வாசனை கிடைத்துவிட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. தனியே விட்டால் ஊளையிட்டுக் கீழ்வீட்டுக்காரரைச் சண்டைக்கு இழுத்துவரும். பிஸ்கட் போட்டே பீப்பாய் ஆக்கிவிடாதீர்கள். உங்கள் பக்கம் நாய்க்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் வேண்டும், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒன்றா?

இரண்டும் தென் தமிழ்நாட்டு வேட்டை நாய்கள், உடல்வாகு ஏறக்குறைய ஒன்றுதான். கருப்பு உடம்பில் புருவம், மார்பு, கால் பழுப்பாக இருந்தால் கன்னி என்பார்கள். வீட்டுக்கு ஒத்துவருமா என்றால் இரண்டுக்கும் ஒரே பதில்: ஓட இடம், ஆறடிச் சுவர்.

செங்கோட்டையில் வெள்ளை ராஜபாளையம் குட்டி, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா?

காது கேட்காமல் இருக்கலாம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது மடல் அசையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். செவிடானாலும் சைகையில் பழக்கலாம், ஆனால் தூக்கத்தில் பிள்ளைகள் தொட்டு எழுப்பக் கூடாது, அதிலிருந்து குட்டி எடுக்கவும் கூடாது. அப்புறம், முப்பது நாளில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. தாயோடும் கூடப் பிறந்ததோடும் இருந்து, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளாத குட்டி உங்கள் கையில்தான் அதைக் கற்கும்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம், திருட்டு பயம். சிப்பிப்பாறை வாங்கி, பகலில் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட்டால் போதுமா?

போதாது. இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது, வரும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது. ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாயை எட்டடிச் சங்கிலியில் மாட்டுவதற்கு எதற்காக அந்த நாய்? அதன் கழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா, நீளமாக, தலை அளவுக்கே பருமனாக இருக்கும். சாதாரண பெல்ட்டைப் பின்வாங்கி உருவிவிட்டுப் போய்விடும். உருவ முடியாதபடி இறுக்கினால், பூனையோ ஓணானோ ஓடும்போது நின்ற இடத்திலிருந்து பாயும், சங்கிலி முடியும் இடத்தில் மொத்த வேகமும் தொண்டைக் குழாயில் விழும். தோல் மெல்லியது, கீழே கொழுப்பு கிடையாது, சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப் புண்ணாகும். இத்தனைக்கும் மேலே நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் போகிறவர் வருகிறவரைப் பார்த்துப் பொருமிப் பொருமி, என்றோ ஒரு நாள் அறுத்துக்கொண்டால் கடிக்கப்போவது திருடனை அல்ல, பால்காரரையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ. சிப்பிப்பாறை எடுத்ததற்கெல்லாம் குரைக்கிற நாயும் இல்லை. காவல்தான் வேண்டும் என்றால் கோம்பை நாய் இருக்கிறது, அந்தக் கோம்பை உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே. செவலை உடம்பு, கருத்த வாய், வலுத்த தாடை, இடத்தை விட்டுக்கொடுக்காத நாய். அதையும் கட்டிப்போட அல்ல. தோட்டத்துக்கு வேலி போட்டுவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.

கொழிஞ்சாம்பாறை, வீட்டில் நாட்டுக்கோழி பதினைந்து. கன்னி வாங்கலாமா?

கோழி முக்கியமா, கன்னி முக்கியமா? குட்டியிலிருந்து சேர்த்தே வளர்த்தால் சில நாய்கள் விட்டுவைக்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு அந்தச் சலுகை கிடையாது.

தேவிகுளத்தில் எஸ்டேட் லயத்து வீடு. சிப்பிப்பாறை குளிர் தாங்குமா?

சிப்பிப்பாறை வெயில் காட்டு நாய், ஒட்ட வெட்டியது போன்ற ரோமம். டிசம்பரில் வெளியில் படுக்கவைக்காதீர்கள். குளிரே இல்லாவிட்டாலும் இரவில் உள்ளேதான். சிறுத்தைக்கு எஸ்டேட் நாய் சுலபமான இரை. மழை மாதத்தில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தால் உள்ளே அட்டை போயிருக்கிறதா என்று மிருகாஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லுங்கள்.

சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது, சாப்பாடு போதவில்லை என்று ஊரே திட்டுகிறது.

இந்தச் சாதிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரியத்தான் செய்யும். இடுப்பு எலும்பு துருத்தினால்தான் கவலை. ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், தின்றதும் ஓடவிடாதீர்கள். ஆழமான மார்பு, வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

முயல் பிடிக்க எந்த நாய் நல்லது?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். அடுத்த கடிதம்.

பெட்டை முதோல், கருத்தடை செய்யலாமா?

செய்யுங்கள். முதோல் போல, இரையைக் கண்ணால் பார்த்து விரட்டும் ஒல்லி நாய்களுக்குத் தயோபென்டோன் வகை மயக்க மருந்து தெளிய நெடுநேரம் ஆகும், ஆபத்தும் உண்டு. என்ன சாதி என்பதை டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லி, வேறு மருந்து கேளுங்கள்.