வேலை நாளில் நடக்கும் மகளின் ஒளி விழாவுக்கு அப்பாவும் லீவு போட்டுப் போகத்தான் வேண்டுமா?

போங்கள்.

உங்கள் மகள் தரம் 3 படிக்கிறாள், கிறிஸ்மஸை ஒட்டிப் பாடசாலையில் நடக்கும் ஒளி விழாவில் குழுப் பாட்டில் பின்வரிசையில் நிற்கிறாள், விழா வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பம்பலப்பிட்டியில், உங்கள் வேலை கொழும்புக் கோட்டையில் என்று எழுதியிருக்கிறீர்கள். மனைவி எப்படியும் போகிறார், வீடியோ எடுத்து வருவார், மூன்று நிமிஷப் பாட்டுக்காக நானும் லீவு போடவேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

நான் கொழும்பில் ஒரு தமிழ் மொழிமூலப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. நவராத்திரி வாணி விழாவோ ஒளி விழாவோ பரிசளிப்போ, எது நடந்தாலும் என் இடம் திரைக்குப் பின்னால்தான். அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு அந்த இடம் சந்தை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வானதூதர்களின் சிறகு கழன்று விழும், இன்னொரு பக்கம் ஆட்டுக்குட்டியின் தொப்பியில் ஒட்டிய பஞ்சு உதிரும். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு நாங்கள் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து நிறுத்தி மடிப்புக் குத்துவோம். அந்த நேரத்தில் எங்களிடம் எந்தப் பிள்ளையும் பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை. "மிஸ், அம்மா வந்திட்டாவா?" "மிஸ், அப்பா எங்க இருக்கிறார் எண்டு பாத்துச் சொல்லுங்கோ." கேட்பது இவ்வளவுதான். திரை ஓரத்தை விலக்கி எட்டிப் பார்க்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். நானும் இப்போது அதற்காக ஏசுவதில்லை.

திரை விலகியதும் முதல் இரண்டு வரியையும் பாதிப் பிள்ளைகள் சரியாகப் பாடுவதில்லை. வாய் அசையும், கண் சபையில் அலையும். தேடிய முகம் கிடைத்ததும் தோள் இறங்கும், சத்தம் வெளியே வரும். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் மறந்து கையும் காட்டுவார்கள். முகம் கிடைக்காத பிள்ளை பாட்டு முடியும் வரை தேடிக்கொண்டே நிற்கும். பக்கவாட்டில் நின்று பார்க்கிற எனக்கு இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

பின்வரிசைக்குத்தானே என்று நீங்கள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் அழுத்திச் சொல்ல நினைப்பதே அந்தப் பின்வரிசையைப் பற்றித்தான். மரியாளாக நடிக்கிற பிள்ளையை எல்லோரும் பார்ப்பார்கள். அதிபர் தட்டிக்கொடுப்பார், பிரதம அதிதி படம் எடுத்துக்கொள்வார், மற்றப் பிள்ளைகளின் அம்மாமாரும் "நல்லாச் செய்தாய்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பின்வரிசையில் இடமிருந்து நாலாவதாக நிற்கிற பிள்ளையை அந்த மண்டபத்தில் தேடிப் பார்க்கிற ஆட்கள் அந்தப் பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். அவளும் மற்றவர்களைப் போலவே இடைவேளையை விட்டுக்கொடுத்து ஒத்திகைக்கு வந்தவள்தான். தமிழ்த் தினப் போட்டியில் மாகாண மட்டத்துக்குப் போகும்போது வேன் பிடித்து வருகிற பெற்றோர், அதே பிள்ளை கோலாட்டத்தில் பத்தோடு பதினொன்றாக நிற்கும்போது வராமல் விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மனசு கேட்பதில்லை.

வீடியோ போதாதா என்றால், போதாது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்கும் கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் அனுப்ப வீடியோ நல்லதுதான். ஆனால் மேடையில் நிற்கும் பிள்ளைக்கு அம்மா தெரிவதில்லை, அம்மாவின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு போன் தெரிகிறது. சிலர் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றுவிடுவார்கள், பின்னால் இருக்கிற நாலு குடும்பத்துக்கும் மேடையே தெரியாது. இதனால்தான் நீங்களும் போகவேண்டும் என்கிறேன். மனைவி எடுக்கட்டும், நீங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் மகளைப் பாருங்கள்.

எல்லா அப்பாமாராலும் வரமுடியாது என்பதும் எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பையனின் அப்பா கட்டாரில் வேலை செய்கிறார். அம்மா கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியில் இருந்த சமயத்தில் நிகழ்ச்சி வந்துவிட்டது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையைத் தினமும் ஏற்றி இறக்கும் வேன் அங்கிளுக்கு எடுத்துச் சொல்லி, அவரை மண்டபத்துக்குள் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார். மனுஷன் வெளுத்த சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். பையன் கண்டுவிட்டான். பையனின் வீட்டார் கேட்டுக்கொண்டபடி வேன் அங்கிள் போனில் ஒரு நிமிஷம் மட்டும் எடுத்து, மிச்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். இறங்கி வந்த பையன் என்னிடம் சொன்னது: "மிஸ், எனக்கும் ஆள் வந்தது." கட்டார் நேரம் நம்மை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே காலை ஆறரை. அந்த அப்பா எழும்பி, வீடியோ வரும் வரை வேலைக்குப் போகும் பஸ்ஸில் காத்துக்கொண்டு இருந்தாராம்.

ஆகவே போகவே முடியாதவர்கள் யாரையாவது அனுப்புங்கள். சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. எங்கே உட்காரப்போகிறார் என்பதையும் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். "பாப்பம், ஏலுமெண்டா வாறன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வரமுடியாது என்று முதல் நாளே தெளிவாகக் கேட்ட பிள்ளை அழுதுவிட்டு ஆறிவிடும். வருவார் என்று நம்பிய பிள்ளைதான் மேடையில் தேடிக்கொண்டு நிற்கிறது.

நாள்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வேலை போனால் அன்றைய அடுப்பு எரியாது. அவரிடம் இதையெல்லாம் நான் சொல்லமாட்டேன். உங்களைப் போல அலுவலகத்தில் இருப்பவர்களின் நிலைமை வேறு. இலங்கையின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, முதல் வருஷம் தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கேசுவல் லீவும் உண்டு. கேசுவல் லீவைச் சொந்த அலுவல்களுக்கும் எடுக்கலாம். பிள்ளையின் விழா சொந்த அலுவல்தானே.

பாடசாலைகள் பக்கமும் பிழை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மூன்று நாள் முன்பு கடிதம் அனுப்பிவிட்டுப் பெற்றோர் வரவில்லை என்று குறைப்படுவது நியாயமில்லை. ஒரு மாதம் முன்பே திகதி சொல்லவேண்டும். மங்கள விளக்கேற்றல், தேசிய கீதம், வரவேற்புரை, அதற்குப் பிறகு அதிதிகள் ஒவ்வொருவராகப் பேசி முடிக்க, முதல் நிகழ்ச்சி மேடைக்கு வருவதற்குள் பவுடர் போட்ட பிள்ளைகள் வியர்த்துக் களைத்துவிடுகிறார்கள். உரைகளைக் குறைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் நான் சொல்லிக்கொண்டுதான் வருகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். மகளின் பாட்டு முடிந்ததும் எழும்பிப் போய்விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் முன்னால் வரும், உயர்தர (A/L) வகுப்புப் பிள்ளைகளின் நாடகம் கடைசியில் வரும். சரஸ்வதி மண்டபம் போன்ற பெரிய இடத்தில் அதை வெறும் கதிரைகளுக்கு முன்னால் நடிக்கவிடுவது கொடுமை. அந்தப் பிள்ளைகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயது. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார்கள், ஆனால் அவர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

விழா முடிந்து மகள் ஓடி வரும்போது "ஏன் உன்னைப் பின்னுக்கு விட்டவை?" என்று கேட்டுவிடாதீர்கள். உயரமான பிள்ளைகளைப் பின்னுக்கு விடுவது வழக்கம், அவ்வளவுதான். அவள் செய்த ஒன்றைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். மெழுகுதிரியை எந்தக் கையில் பிடித்தாள், எந்த வரியில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள் என்று. பார்த்தவருக்குத்தான் அது தெரியும் என்பது பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும்.

டிசெம்பர் நெருங்கினால் அலுவலகத்தில் எல்லோரும் லீவு கேட்பார்கள், அதனால் கடிதத்தை இந்தக் கிழமையே கொடுத்துவிடுங்கள். அரை நாள் தந்தாலும் சமாளிக்கலாம். காலி வீதி பஸ்ஸை நம்பாமல் பம்பலப்பிட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மதியத்துக்குப் பிறகு கோட்டையில் வேலைக்குப் போய்விடலாம். வகுப்பாசிரியையிடம் பாட்டு எத்தனையாவது நிகழ்ச்சி என்றும், மகள் மேடையில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்றும் முதல் நாளே கேட்டு, அந்தப் பக்கமாக இடம் பிடித்து உட்காருங்கள்.