'ஜேன் அயர்' நாவலை இன்றும் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்?

காதல், பூட்டிய அறை, நடுராத்திரிச் சிரிப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். என்னைக் கேட்டால், அதில் வரும் பணக் கணக்குதான் காரணம்.

1847-ல் சார்லட் பிராண்ட்டி புனைபெயரில் வெளியிட்ட நாவல் இது. 1969-ல் வந்த 'சாந்தி நிலையம்' பார்த்தவர்களுக்குக் கதை ஓரளவு பிடிபட்டிருக்கும். ஜேன் ஓர் அநாதை, அழகியும் இல்லை. படித்த பள்ளியிலேயே ஆசிரியையாக வருடத்துக்கு 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டு மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரப் போனதும் 30 பவுண்டு.

முதலாளி ராச்சஸ்டரோடு கல்யாணம் நிச்சயமாகிறது. அவர் துணிக்கடைக்கு இழுத்துப்போய் அரை டஜன் உடுப்பு எடுக்கச் சொல்கிறார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டாகக் குறைக்கிறாள். அவர் காட்டும் கத்தரிப்பூ நிறப் பட்டு வேண்டாமாம், கறுப்பு சாட்டின் போதுமாம். அவர் வாங்கித் தரத்தர அவளுக்கு உடம்பு கூசுகிறது. கல்யாணத்துக்குப் பிறகும் பாடம் சொல்லித்தருவேன், அந்த 30 பவுண்டில் என் துணியை நானே வாங்கிக்கொள்வேன் என்கிறாள். கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் தேவலை என்று மதீராத் தீவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். ராச்சஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கும் விஷயம் வெளியே வந்து, சர்ச்சில் கல்யாணம் நிற்பதே அந்தக் கடிதத்தின் சேதி சித்தப்பா வழியாக அந்த மனைவியின் சகோதரன் காதுக்குப் போனதால்தான். துணிக்கடையில் வந்த கூச்சம் கதையையே திருப்பிவிடுகிறது!

அப்புறம் கையிலிருந்த 20 ஷில்லிங்கையும் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகிறாள். பன்றித் தொட்டியில் கொட்ட இருந்த ஆறிய கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பிறகு சித்தப்பா சொத்து 20,000 பவுண்டு வந்ததும், அதை அத்தை பிள்ளைகள் மூவரோடு தலைக்கு 5,000 என்று பிரித்துக்கொள்கிறாள். சொந்தப் பணத்தோடுதான் ராச்சஸ்டரிடம் திரும்புகிறாள். (நடுவில் வரும் பாதிரியார் செயின்ட் ஜான் பகுதி இழுவை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு உறுத்துவது அந்த முதல் மனைவி பெர்த்தாதான். ஜமைக்காவிலிருந்து 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்தவள். மனைவியின் பணம் கணவனுக்கே போய்ச் சேர்ந்த காலம் அது. ஜேனின் ஒவ்வொரு ஷில்லிங்குக்கும் கணக்கு வைத்த நாவல், பெர்த்தாவைத் தன் வாயால் ஒரு வார்த்தைகூடப் பேச விடவில்லை. அவள் தரப்பைச் சொல்ல 1966-ல் ஜீன் ரீஸ் தனியாக ஒரு நாவலே எழுத வேண்டியிருந்தது.