ஆகாயத்தாமரைக் குளத்தில் விராலுக்கு எந்த ஜிக்?

வணக்கம். பாஸ் என்ற வெளிநாட்டு மீனுக்கான ஜிக்கை (எடையுள்ள தலை பொருத்திய தூண்டில் முள்) வாங்கிச் சூலூர்ப் பக்கத்துக் குளத்தில் விராலுக்கு வீசியபோது, ஒவ்வொரு முறையும் அது செடியில் சிக்கியதாகவும், எந்த ரப்பர் இரையைக் கோப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

உருண்டு அகன்ற தலையுள்ள ஜிக் பாறைத் தரைக்கானது. செடிகளுக்கிடையே நுழைய, கூம்பிய தலையும் முள்ளை மறைக்கும் நார்க்காப்பும் உடைய 10 கிராம் ஜிக்கைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் கோக்கும் ரப்பர் இரை அழகுக்காக மட்டுமன்று. அது பருமனாக இருந்தால் ஜிக் மெதுவாக இறங்கும், மெலிந்திருந்தால் விரைந்து இறங்கும். நொய்யல் ஆற்று வெள்ளம் வந்து கலங்கிய நீரில் மீன் அதிர்வைக் கொண்டே இரையை உணர்வதால், கால்கள் படபடக்கும் கருப்பு அல்லது கருநீல நண்டு வடிவமே ஏற்றது. தெளிந்த நீருக்குப் பழுப்பு போதும்.

எனினும், ஆகாயத்தாமரை முழுவதும் மூடிய இடத்தில் ஜிக்கை வற்புறுத்தாதீர்கள். விரால் காற்றை விழுங்க மேலே வரும் மீன் என்பதால், அங்கே உள்ளீடற்ற ரப்பர் தவளையையே நான் விரும்புவேன். செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் கண்டால், தயவுசெய்து அங்கு வீச வேண்டாம். தாயும் தந்தையும் அவற்றைக் காத்துக்கொண்டிருக்கும்.