புதுப்பிக்காமல் விட்ட ஐந்து கார்கள்

அன்புள்ள ஐயா,

செவர்லே நிறுவனத்தின் பழைய கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கும் அமெரிக்க வீடியோக்களை ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு போல்ட்டின் தலையில் உள்ள முத்திரை வேறாக இருந்தால் போட்டியில் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். பெயின்ட் அளவுக்கு மீறிப் பளபளத்தாலும் குறைக்கிறார்கள். ஆனால் கென்டக்கியில் உள்ள கார்வெட் அருங்காட்சியகத்தில் நசுங்கிப்போன ஐந்து கார்களை அப்படியே பார்வைக்கு வைத்திருக்கிறார்களாம். பணமும் ஆளும் இருந்தும் ஏன் சரிசெய்யவில்லை? இதில் வரலாறு என்று என்ன இருக்கிறது? வசதியானவர்களின் பொழுதுபோக்குதானே?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வசதியானவர்கள் நிறையப் பேர் இதில் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் இந்த மனிதர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு கார் செய்யப்பட்ட நாளின் தடயங்களைக் காப்பாற்றுவதுதான் அவர்கள் வேலை. அழகெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்த ஐந்து கார்களிலிருந்தே தொடங்குகிறேன். 2014 பிப்ரவரி 12 விடியற்காலையில், கென்டக்கியின் பவுலிங் கிரீன் நகரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தின் ஒரு கூடத்தில் தரை உள்வாங்கியது. அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அரித்து அரித்து அடியில் குகைகள் உண்டான நிலம். எட்டு கார்கள் குழிக்குள் விழுந்தன. நல்லவேளையாக உள்ளே ஆள் யாரும் இல்லை. எட்டையும் சரிசெய்வதாகத்தான் முதலில் பேச்சு. வெளியே தூக்கிப் பார்த்தபிறகு மூன்று போதும் என்று முடிவெடுத்தார்கள். மற்ற ஐந்தில் பழைய பாகம் என்று மிஞ்சியது மிகக் கொஞ்சம். அவற்றைப் புதுப்பித்திருந்தால் ஆலையில் கொடுத்த அதே வண்டி எண்ணைத் தாங்கிய வேறு ஐந்து கார்கள்தான் கிடைத்திருக்கும். விட்டுவிட்டது மிகச் சரி என்பேன்.

சரிசெய்த மூன்றில் ஒன்று, 1992-இல் தயாரான பத்து லட்சமாவது கார்வெட். வெள்ளை உடம்பு, சிவப்பு இருக்கை. 1953-இல் ஃப்ளின்ட் நகரில் செய்த முதல் 300 கார்களும் அதே நிறம்தான். இந்தக் காரைப் பிரித்தபோது, அதைச் செய்த தொழிலாளர்கள் பாகங்களின் உள்பக்கத்தில் போட்டிருந்த கையெழுத்துகள் தெரிந்தன. மூடிவிட்டால் வெளியே தெரியாத இடங்களில் போட்டவை அவை. புதிய பாகத்தை மாட்டுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் கையெழுத்து உள்ள பழைய பாகங்களை ஒட்டுப்போட்டாவது திரும்பப் பொருத்தினார்கள். காப்பாற்றவே முடியாதவற்றில் இருந்த கையெழுத்தை நகலெடுத்துப் புதிய பாகத்தில் பதித்தார்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை இது. வேறெதையும்விட இதுதான் எனக்குப் பிடித்தது.

இனி அந்த மதிப்பெண் விஷயம். தேசிய கார்வெட் புதுப்பிப்போர் சங்கம் 1974-இல் தொடங்கியது. ஆலையைவிட்டு வெளியே வந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அதுதான் அவர்களுக்கு அளவுகோல். பழைய கார்வெட்கள் தயாரான செயின்ட் லூயிஸ் ஆலையில் அவசரமாக அடித்த லாக்கர் பெயின்ட் கண்ணாடிபோல் இருந்திருக்காது. அதனால்தான் இன்றைய பளபளப்பு அங்கே குறையாகிறது.

போல்ட்டைவிட அவர்கள் நுணுக்கமாகப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரல் அகலத்தில் ஒரு சமதளம். அதில் 'எஃப்0214ஆர்எஃப்' என்று குத்தியிருந்தால், ஃப்ளின்ட் ஆலையில் பிப்ரவரி 14 அன்று கோத்த இன்ஜின் என்று பொருள். கடைசி இரண்டு எழுத்து, 1963-இல் வந்த 360 குதிரைத்திறன் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வகையைக் குறிக்கும். சாதாரண இன்ஜினை விலை உயர்ந்த வகையாகக் காட்ட, இந்த இடத்தைத் தேய்த்துவிட்டு வேறு எழுத்தைக் குத்துகிறவர்கள் உண்டு. ஆனால் ஆலையில் அந்தத் தளத்தைச் சீவிய இயந்திரம் மயிரிழைக் கோடுகளை விட்டுப் போயிருக்கும். தேய்த்தால் அவை போய்விடும். லென்ஸ் வைத்து அந்தக் கோடுகளைத் தேடிப் பழகிய கண்கள்தான் பொய்யைப் பிடிக்கின்றன.

வரலாறு எங்கே என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் செய்த ஒவ்வொரு காரிலும் என்னென்ன பொருத்தினார்கள் என்ற முழுப் பதிவுகளை செவர்லே பெரும்பாலும் பாதுகாக்கவில்லை. 1960-களின் கடைசியிலிருந்து, ஆர்டர் விவரம் அச்சிட்ட ஒரு காகிதத்தைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டும் வழக்கம் கார்வெட்டில் இருந்தது. டேங்க்கை இறக்கினால்தான் அது கண்ணில் படும். பாதி மட்கிய அந்தக் காகிதத்தை உரிக்காமல் துடைத்துப் படமெடுத்து, தேதிவாரியாக ஒப்பிட்டு, எந்த மாதம் எந்தப் பாகம் மாறியது என்று ஆர்வலர்களே எழுதிச் சேர்த்தார்கள். நிறுவனம் செய்யாததைத் தனி ஆட்கள் செய்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லையென்றால் இந்தத் தகவல் இன்று யாரிடமும் இருக்காது.

ஆர்வக்கோளாறால் அழிந்ததும் உண்டு. 1963-இல் வந்த கார்வெட் ஸ்டிங் ரே மாடலில், கூரை மூடிய கூப்பே வகையின் பின்கண்ணாடியை நடுவில் ஒரு தண்டு இரண்டாகப் பிரிக்கும். வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் பிடிவாதமாக வைத்தது அது. பின்னால் வரும் வண்டி தெரியவில்லை என்று பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ் எதிர்த்தார். 1964-இல் எடுத்துவிட்டார்கள். உடனே பழைய காரைப் புது மாடலாகக் காட்ட, சிலர் அந்தத் தண்டை அறுத்து ஒரே கண்ணாடியாக மாட்டினார்கள். அந்த ஒரே வருடத்தில் செய்த 10,594 கார்களில் தண்டு தப்பியவற்றுக்குத்தான் இன்று மவுசு.

என் மனம் புதுப்பிப்பவர்களைவிடக் கைவைக்காமல் விடுபவர்கள் பக்கமே சாய்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் மூளை அறுவை மருத்துவர் ஃபிரெட் சிமியோனி உருவாக்கிய அருங்காட்சியகத்தில், ஷெல்பி டேடோனா கூப்பே என்ற பந்தயக் கார் வகையின் முதல் கார் நிற்கிறது. மொத்தமே ஆறுதான் செய்தார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் 2014-இல் முதலாவதாக ஏறியது இந்தக் கார்தான். அதைப் புதிதுபோல் ஆக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பூட்டியும் வைக்கவில்லை. கட்டடத்தின் பின்புறத் திடலில் அங்குள்ள கார்களைக் குறிப்பிட்ட நாட்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நீங்கள் வீடியோ பார்ப்பவர் என்பதால் சொல்கிறேன், அந்த ஓட்டங்களின் பதிவுகளைத் தேடிப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.

அன்புடன்.