சேர்ந்திசை நடத்துநராவது ஒரு தொழிலா?

“ஏற்காட்டில் பள்ளிப் பாடகர் குழுவில் பாடும் மகள், பல்கலைக்கழகச் சேர்ந்திசை நடத்துநராக, இசையமைப்பாளராக ஆக விரும்புகிறாள். அப்படி ஒரு வேலை உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. சேர்ந்திசை என்றால் பலர் பல குரல்களில் சேர்ந்து பாடுவது. அதை வழிநடத்துவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவி. பெரும்பாலும் இசையில் டாக்டர் பட்டம் கேட்பார்கள். நம் ஊரில் அத்தகைய பதவிகள் அரிது. ஆனால் முன்னோடி இருக்கிறார்: சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதி பாடல்களைப் பல குரல்களில் பாடவைத்த எம்.பி. சீனிவாசன் (1925–1988).

கையசைப்பது வேலையின் சிறு பகுதிதான். கையை உயர்த்தும்போது நடத்துநரும் மூச்சை இழுப்பார். அந்த மூச்சே பாட்டின் வேகத்தைக் குழுவுக்குச் சொல்லிவிடும். சேலத்தில் தேவாலயக் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடிய நாட்களில் நான் விரல்களைவிட அந்த மூச்சையே கவனித்தேன்.

தமிழுக்கு இசையமைப்பது இன்னும் நுட்பமானது. சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்), ஆல்ட்டோ, டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்), பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) என நான்கு குரல்களும் ஒரே சொல்லை வெவ்வேறு நேரத்தில் பாடும்போது, குறிலை நீட்டினால் ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். மகளுக்குத் தமிழ் யாப்பையும் பியானோவையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். இப்போதே நான்கு தோழிகளைச் சேர்த்து அவள் ஒரு பாடலை நடத்திப் பார்க்கட்டும்.