லெம்பெர்க்கா, ல்வூவா, லிவீவா?

கேள்வி: பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ், எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம் இருவரைப் பற்றியும் குறிப்பு எழுதுகிறேன். மீசஸ் பிறந்த ஊர் லெம்பெர்க், லெம் பிறந்த ஊர் ல்வூவ் என்று இருக்கிறது. பழைய சோவியத் வரைபடத்தில் ல்வோவ் என்று ஓர் ஊர். இவை வேறு வேறா? தமிழில் எதை எழுதுவது?

பதில்: மூன்றும் ஒரே ஊர்தான். மேற்கு உக்ரைனில் இருக்கும் லிவீவ். 13ஆம் நூற்றாண்டில் ஹாலிச் நாட்டு அரசர் டனிலோ நிறுவி, தன் மகன் லெவ்வின் பெயரை வைத்தார். ஹோல்ம் நகரில் பற்றி எரிந்த தீ லிவீவ் வரை தெரிந்தது என்று அக்கால வரலாற்றேடு ஒன்று சொல்கிறது. 1256ஐ ஒட்டிய அந்தச் செய்தியில்தான் ஊர்ப்பெயர் முதன்முதலில் வருகிறது.

'லெவ்' என்றால் சிங்கம். அதனால் பலரும் 'சிங்க நகரம்' என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. கடைசியில் வரும் 'ஈவ்' உடைமையைக் காட்டும் விகுதி. 'லெவ்வினுடையது' என்பதே நேரான பொருள். நகரச் சின்னத்தில் சிங்கம் நிற்பது அந்த இளவரசனின் பெயரால்தான்.

ல்வோவ் எப்படி வந்தது என்றால், உக்ரைன் மொழியில் மெய்யில் முடியும் அசையில் இருந்த பழைய 'ஓ', 'ஈ' ஆகிவிட்டது. ரஷ்ய மொழியில் 'ஓ' அப்படியே நின்றுவிட்டது. கார்க்கோவ், கார்கீவ் என்ற இரட்டை வடிவமும் இதே கதைதான். வேற்றுமை உருபு சேரும்போது உக்ரைன் மொழியிலும் அந்த 'ஓ' திரும்பி வந்து 'ல்வோவா' ஆகும். அதைப் பார்த்து ரஷ்ய உரை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

லெம்பெர்க் ஜெர்மன் பெயர். 1772 முதல் 1918 வரை ஊர் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. மீசஸ் பிறந்தது 1881இல். ல்வூவ் போலந்துப் பெயர். லெம் பிறந்த 1921இல் ஊர் போலந்திடம் இருந்தது. அப்புறம் சோவியத், 1991 முதல் சுதந்திர உக்ரைன்.

ஆகவே மீசஸுக்கு 'லெம்பெர்க், ஆஸ்திரியா-ஹங்கேரி (இன்றைய லிவீவ், உக்ரைன்)' என்றும், லெம்முக்கு 'ல்வூவ், போலந்து (இன்றைய லிவீவ், உக்ரைன்)' என்றும் எழுதுங்கள். வெறுமனே 'உக்ரைனில் பிறந்தார்' என்றால் காலம் குழம்பும். பழைய பெயரை மட்டும் போட்டால் இன்றைய வாசகருக்கு ஊர் பிடிபடாது. ஆவணம் தேடும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: ஜெர்மனியிலும் பிரான்சிலும் லெம்பெர்க் என்ற சிற்றூர்கள் உண்டு. பக்கத்தில் நாட்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.