சாதுவான கட்டியில் ஏன் இரத்தக்கசிவு?

கேள்வி: டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (பல உறுப்புகளில் சாதுவான கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ள என் மகளுக்கு (19) சிறுநீரகத்தில் 4.5 செ.மீ. கட்டி. புற்றுநோய் இல்லையாம், ஆனாலும் திடீரென இரத்தம் கசியலாம் என்கிறார்களே?
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: ஆஞ்சியோமயோலிப்போமா எனப்படும் இந்தக் கட்டி கொழுப்பு, தசை, இரத்தக்குழாய் மூன்றும் கலந்தது. அக்குழாய்ச் சுவரில் மீள்தன்மை குறைவு. அங்கங்கே பலூன்போல் புடைக்கும். புடைப்பு 5 மி.மீ.யோ கட்டி 4 செ.மீ.யோ தாண்டினால் வெடிக்கும் ஆபத்து கூடும். இரத்தம் சிறுநீரகத்தைச் சுற்றியே தேங்குவதால், சிறுநீர் சிவக்காமலும் போகலாம். அதை நம்பி இருந்துவிடாதீர்கள், அம்மா. திடீர் விலாவலி, மயக்கம், குளிர்வியர்வை என்றால் உடனே 999. வலிக்கு ஐபுபுரூபன் மாத்திரை கொடுக்க வேண்டாம். அவசரப் பிரிவில் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்: பெரும்பாலும் சிறுநீரகத்தை எடுக்காமல், கசியும் குழாயை மட்டும் அடைத்துவிடலாம். கசிவதற்கு முன்பே கட்டியைச் சுருக்க எவரோலிமஸ் மாத்திரை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரக்கூடும்.